இம்ப்ளான்ட் பல்லைச் சுற்றி ஈறு ஏன் கெடுகிறது, யாருக்கு அந்த ஆபத்து அதிகம்?

கேட்கப்பட்டது சுருக்கமாக இதுதான்: அப்பாவுக்கு 58 வயது, பல வருடங்களாகச் சர்க்கரை. கீழ்ப் பற்கள் ஒவ்வொன்றாக ஆட ஆரம்பித்து, ஆறு பற்களை எடுத்தாகிவிட்டது. இப்போது நான்கு இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் உலோகச் செயற்கை வேர்) வைக்கலாம், வாழ்நாள் கேரண்டி உண்டு என்கிறார்கள். ஆனால் அம்மாவுக்கு ஐந்து வருடம் முன்பு வைத்த இம்ப்ளான்டைச் சுற்றிப் பல் துலக்கும்போது ரத்தம் வருகிறது, வலி இல்லை. இம்ப்ளான்டைச் சுற்றி வரும் இந்த அழற்சி யாருக்கு வரும், எதனால் வரும், அப்பாவுக்கு வைக்கலாமா?

நேரடியான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு வைக்கலாம், ஆனால் இந்த மாதம் வேண்டாம். வாயில் மீதி இருக்கும் பற்களின் ஈறு நோயைக் கட்டுக்குள் கொண்டுவந்து, சர்க்கரையை ஒரு நிலைக்கு இறக்கி, தினமும் பல் இடுக்குகளைச் சுத்தம் செய்யும் பழக்கம் அவருக்குப் படிந்த பிறகு வைக்கலாம். அம்மாவின் விஷயம் இதைவிட அவசரமானது. அதைக் கடைசியில் தனியாக எழுதுகிறேன்.

நான் ஈறு நோய்ச் சிகிச்சைத் துறையில் இருக்கிறேன். இம்ப்ளான்ட் மீது எனக்கு மரியாதை உண்டு. சுவீடனில் பெர்-இங்வார் பிரோனமார்க் 1965இல் யோஸ்டா லார்சன் என்பவரின் தாடையில் வைத்த டைட்டானியம் இம்ப்ளான்ட்கள், அவர் 2006இல் இறக்கும்வரை வேலை செய்தன. நாற்பது வருடத்துக்கு மேல்! எலும்பு டைட்டானியத்தை ஏற்றுக்கொண்டு அதோடு இறுகிவிடும் என்பதில் இன்று யாருக்கும் சந்தேகம் இல்லை. சிக்கல் எலும்புக்குள் இருக்கும் பகுதியில் தொடங்குவதில்லை. ஈறைத் துளைத்துக்கொண்டு இம்ப்ளான்ட் வாய்க்குள் எட்டிப் பார்க்கும் அந்தக் கழுத்துப் பகுதியில்தான் தொடங்குகிறது.

இந்த நோய்க்கு இரண்டு கட்டம் உண்டு. முதல் கட்டத்தில் ஈறு மட்டும் சிவந்து வீங்கும், தொட்டால் ரத்தம் வரும், எலும்புக்கு ஒன்றும் ஆகியிருக்காது. இதை மியூக்கோசைட்டிஸ் என்கிறோம். சரியாகச் சுத்தம் செய்தால் இது திரும்பிவிடக்கூடிய நிலை. இரண்டாவது கட்டத்தில் அழற்சி கீழே இறங்கி, இம்ப்ளான்டைச் சுற்றியுள்ள எலும்பைக் கரைக்க ஆரம்பிக்கும். அதுதான் பெரி-இம்ப்ளான்டைட்டிஸ். கரைந்த எலும்பு தானாகத் திரும்ப வளராது. அறுவைச் சிகிச்சை செய்தும் சிலருக்கு முழுதாக அடங்குவதில்லை, அடங்கியவர்களுக்கும் மறுபடி வருவதுண்டு. அதனால்தான் யாருக்கு வரும் என்பதை வைப்பதற்கு முன்பே யோசிக்கச் சொல்கிறோம்.

எத்தனை பேருக்கு வருகிறது? பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2015ஆம் வருடத் தொகுப்பு ஒன்று, மியூக்கோசைட்டிஸ் சராசரியாக 43 சதவீதம் பேருக்கும், பெரி-இம்ப்ளான்டைட்டிஸ் 22 சதவீதம் பேருக்கும் இருப்பதாகக் கணக்கிட்டது. ஆனால் இந்த இரண்டாவது எண் ஆய்வுக்கு ஆய்வு 1 முதல் 47 சதவீதம் வரை மாறியது. ஏன் இவ்வளவு வித்தியாசம்? எவ்வளவு எலும்பு போனால் நோய் என்று சொல்வது என்பதில் ஒவ்வொருவரும் ஒரு கோடு போட்டிருந்தார்கள். சுவீடனில் ஏறக்குறைய 600 பேரை, இம்ப்ளான்ட் வைத்து ஒன்பது வருடம் ஆன பிறகு பரிசோதித்தார்கள். ரத்தக்கசிவோடு அரை மில்லிமீட்டருக்கு மேல் எலும்பு போனாலே நோய் என்று எடுத்தால் 45 சதவீதம் பேர் வந்தார்கள். 2 மில்லிமீட்டருக்கு மேல் என்று வைத்தால் 14.5 சதவீதம்தான். ஆகவே யாராவது ஒரே ஒரு எண்ணைச் சொல்லிப் பயமுறுத்தினாலும் சரி, தைரியம் கொடுத்தாலும் சரி, எந்தக் கோட்டை வைத்துச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். என் கணக்கில் ஏழில் ஒருவருக்குக் கவலைப்படும் அளவு எலும்பு இழப்பு என்பதே பெரிய விஷயம்தான்.

இயற்கைப் பல்லை விட இம்ப்ளான்ட் ஏன் இதற்கு எளிதில் இடம் கொடுக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். இயற்கைப் பல்லின் வேர் மேல் ஒரு மெல்லிய கடினப் படலம் இருக்கிறது. ஈறிலிருந்தும் எலும்பிலிருந்தும் வரும் நார்கள் அந்தப் படலத்துக்குள் நேராகப் புதைந்து வேரைப் பிடித்திருக்கும். இம்ப்ளான்டில் அந்தப் படலமும் இல்லை, பல்லுக்கும் எலும்புக்கும் நடுவில் இருக்கும் தசைநாரும் இல்லை. ஈறின் நார்கள் உலோகத்துக்குள் புதைய முடியாமல், மணிக்கட்டில் போட்ட ரப்பர் வளையல் போல அதைச் சுற்றிப் பிடித்திருக்கின்றன, அவ்வளவுதான். தசைநாரின் வழியாக வரும் ரத்த ஓட்டமும் அங்கே கிடையாது. கிருமிகள் கீழே இறங்கினால் தடுக்கும் சுவர் பலவீனம்.

2014இல் வந்த ஒரு திசு ஆய்வு இதை நன்றாகக் காட்டியது. ஈறு நோய் உள்ள 40 பேர், பெரி-இம்ப்ளான்டைட்டிஸ் உள்ள 40 பேர் ஆகியோரின் திசுக்களை ஒப்பிட்டார்கள். இம்ப்ளான்டைச் சுற்றிய அழற்சிப் பகுதி, பல்லைச் சுற்றியதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் பெரியது. பல்லில் அழற்சிக்கும் எலும்புக்கும் நடுவே ஆரோக்கியமான ஒரு திசு அடுக்கு மிஞ்சியிருக்கும். இம்ப்ளான்டில் பெரும்பாலும் அந்தத் தடுப்பு இருப்பதில்லை. எலும்பு இழப்பு ஒரே வேகத்தில் போகாமல், போகப் போக வேகமெடுக்கிறது என்பதற்கும் இதோடு தொடர்பு இருக்கிறது. பலருக்கு இது பத்து வருடம் கழித்து வருவதில்லை, பல் பொருத்திய முதல் மூன்று வருடத்துக்குள்ளேயே ஆரம்பித்துவிடுகிறது என்பதும் அந்த சுவீடன் நோயாளிகளிடமிருந்தே தெரிந்தது.

சரி, ஆபத்துக் காரணிகளுக்கு வருவோம். அமெரிக்க, ஐரோப்பிய ஈறு நோய் நிபுணர் அமைப்புகள் சேர்ந்து 2017இல் சிகாகோவில் நடத்திய மாநாடு, அதுவரை வந்த சான்றுகளையெல்லாம் சலித்துப் பார்த்தது. வலுவான சான்று உள்ளவை என்று அவர்கள் சொன்னவை மூன்று: முன்பு ஈறு நோய் இருந்திருப்பது, வாயைச் சரியாகச் சுத்தம் செய்யாதது, வைத்த பிறகு தொடர் பரிசோதனைக்கு வராதது. மற்றவை எல்லாம் இதற்குப் பின்னால்தான் நிற்கின்றன. இந்த வரிசையைப் பார்த்துவிட்டு, நம் ஊரில் இம்ப்ளான்ட் வைக்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகளைப் பாருங்கள். எந்த நாட்டுத் தயாரிப்பு, எவ்வளவு செலவு, எத்தனை நாளில் பல் கிடைக்கும். பல் ஏன் விழுந்தது என்று கேட்பவர் மிகக் குறைவு. அப்பா விஷயத்தில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

அப்பாவின் பற்கள் சொத்தையால் போகவில்லை, ஆடிப் போயின. 58 வயதில் ஆறு பற்கள் ஆடி விழுகின்றன என்றால் அது அநேகமாக ஈறு நோய்தான். அந்த நோயை உண்டாக்கிய கிருமிகள் எடுத்த பற்களோடு குப்பைக்குப் போய்விடவில்லை. பக்கத்துப் பற்களின் ஈறுப் பைகளிலும் (ஈறு பல்லை விட்டு விலகி நடுவில் உண்டாகும் பள்ளம்), நாக்கிலும், எச்சிலிலும் இருக்கின்றன. புதிதாக வைக்கும் இம்ப்ளான்டுக்கு அங்கிருந்து இடம் மாறுகின்றன. சிலர் 'எல்லாப் பல்லையும் எடுத்துவிட்டு மொத்தமாக இம்ப்ளான்ட் வைத்துவிட்டால் ஈறு நோயே இருக்காதே' என்பார்கள். எல்லாப் பற்களையும் எடுத்த பிறகும் ஈறு நோய்க் கிருமிகள் சில வாயில் தங்கியிருப்பது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. அதைவிட முக்கியமானது இன்னொன்று. கிருமிப் படலத்துக்கு எதிராக அதிகமாகக் கொந்தளிக்கும் உடல்வாகு அந்த மனிதரிடமே இருக்கிறது. பல் போனாலும் அது போகாது.

சுவிட்சர்லாந்தில் நடந்த பத்து வருட ஆய்வு ஒன்றில், ஈறு நோயால் பல் இழந்தவர்களுக்கு வைத்த இம்ப்ளான்ட்களில் 28.6 சதவீதத்திலும், வேறு காரணத்தால் பல் இழந்தவர்களுக்கு வைத்தவற்றில் 5.8 சதவீதத்திலும் பெரி-இம்ப்ளான்டைட்டிஸ் வந்தது. ஏறக்குறைய ஐந்து மடங்கு வித்தியாசம். இதைப் படித்துவிட்டு ஈறு நோய் வந்தவருக்கு இம்ப்ளான்டே கூடாது என்று நினைக்க வேண்டாம். ஈறு நோய் வந்து போனது என்பது ஒன்று, இன்னும் இருக்கிறது என்பது வேறு. ஈறு சிகிச்சை முடிந்த பிறகும் 5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ ஆழமான பைகள் மிஞ்சியிருக்கும் வாயில்தான் இம்ப்ளான்ட் அதிகம் கெடுகிறது என்பது இன்னொரு முக்கியமான கண்டுபிடிப்பு. அப்படியானால் செய்ய வேண்டியது தெளிவு. முதலில் அந்தப் பைகளைக் குறைக்க வேண்டும், குறைந்துவிட்டதா என்று அளக்க வேண்டும், பிறகுதான் இம்ப்ளான்ட். அவசரத்தில் இந்தப் படியைத் தாண்டிப் போவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம்.

அடுத்தது சுத்தம். இதைச் சொன்னால் 'தினம் இரண்டு வேளை துலக்குகிறேனே' என்பார்கள். பிரஷ் பல்லின் முகப்பைத் துடைக்கும், இம்ப்ளான்ட் மேல் பொருத்தும் செயற்கைப் பல்லான கேப்பின் அடிப்பக்கத்துக்குப் போகாது. இம்ப்ளான்ட் இயற்கை வேரை விட ஒல்லியானது. அதன் மேல் உட்காரும் கேப் அகலமானது. அந்த விளிம்புக்கு அடியில்தான் அழுக்குப் படலம் தங்கும். மியூக்கோசைட்டிஸைப் பற்றிய பரிசோதனைகளில், தன்னார்வலர்கள் மூன்று வாரம் பல் துலக்காமல் இருந்தார்கள். பல்லைச் சுற்றியும் இம்ப்ளான்டைச் சுற்றியும் அழற்சி வந்தது, இம்ப்ளான்டைச் சுற்றி அதிகமாக. மறுபடி மூன்று வாரம் நன்றாகச் சுத்தம் செய்தும் இம்ப்ளான்ட் பக்கத்து ஈறு முழுதாகப் பழைய நிலைக்கு வரவில்லை. அழுக்குக்கும் அழற்சிக்கும் உள்ள தொடர்பை இதைவிட நேராகக் காட்ட முடியாது.

ஆனால் இதில் நோயாளியை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. சுத்தம் செய்யவே முடியாதபடி பல்லைக் கட்டிக் கொடுத்துவிட்டு, ஏன் சுத்தம் செய்யவில்லை என்று கேட்பது எப்படி? இம்ப்ளான்ட் நோயாளிகளைப் பார்த்த ஒரு ஐரோப்பிய ஆய்வில், சுத்தம் செய்ய வழியில்லாத அமைப்பில் இருந்த இம்ப்ளான்ட்களில் 48 சதவீதத்தில் பெரி-இம்ப்ளான்டைட்டிஸ் இருந்தது. வழி இருந்தவற்றில் வெறும் 4 சதவீதம். கேப் ஈறிலிருந்து வெளியே விரியும் கோணமும் பேசுகிறது. எலும்பு மட்டத்தில் வைக்கும் வகை இம்ப்ளான்ட்களில் அந்தக் கோணம் 30 டிகிரிக்கு மேல் போனால் 31.3 சதவீதத்திலும், அதற்குள் இருந்தால் 15.1 சதவீதத்திலும் நோய் இருந்ததாக 2018இல் ஓர் ஆய்வு சொன்னது. கொழுத்த, உருண்ட கேப் பார்க்க அழகாக இருக்கலாம், அதன் அடியில் எதுவும் நுழையாது. இம்ப்ளான்டைத் தாடையில் தவறான இடத்திலோ சாய்வாகவோ வைத்துவிட்டால், கேப் செய்பவர் அதைச் சரிக்கட்ட இப்படித்தான் விரிக்க வேண்டியிருக்கும். ஆகவே எந்த இடத்தில் வைக்கிறோம் என்பதே பாதி சுத்தத்தை முடிவுசெய்துவிடுகிறது. இரண்டு இம்ப்ளான்டுக்கு நடுவே குறைந்தது 3 மில்லிமீட்டரும், பல்லுக்கும் இம்ப்ளான்டுக்கும் நடுவே ஒன்றரை மில்லிமீட்டரும் விடச் சொல்வது இதற்காகவும்தான்.

அப்பாவுக்குச் சொல்லும் திட்டம் நான்கு இம்ப்ளான்ட் என்பதால் ஒரு வார்த்தை. அந்த சுவீடன் ஆய்வில் நான்கும் அதற்கு மேலும் இம்ப்ளான்ட் உள்ளவர்களுக்கு ஆபத்து கூடுதலாகத் தெரிந்தது. எண்ணிக்கை கூடக் கூடச் சுத்தம் செய்ய வேண்டிய கழுத்துகளும் கூடுகின்றன. ஆறு பல் இடைவெளிக்கு எத்தனை இம்ப்ளான்ட் தேவை, குறைத்து வைத்து நடுவில் பாலம் போலப் பல் கட்ட முடியுமா என்று மருத்துவரிடம் கேட்கலாம், தப்பில்லை. அப்புறம், வைத்த பல் 75 வயதிலும் வாயில் இருக்க வேண்டும். அப்போது கை நடுங்கலாம், பார்வை மங்கலாம். இன்று அவரால் முடிகிறதா என்று மட்டும் பார்க்காமல், அன்றைக்கு வீட்டில் இன்னொருவர் பிரஷ் விட்டுத் துடைக்க முடியுமா என்றும் பார்த்து அமைப்பை முடிவு செய்ய வேண்டும்.

மூன்றாவது, வராமல் போவது. பிரேசிலில் ஒரு ஆய்வு. மியூக்கோசைட்டிஸ் இருந்த 80 பேரை ஐந்து வருடம் கழித்துப் பார்த்தார்கள். தொடர்ந்து பரிசோதனைக்கும் சுத்தத்துக்கும் வந்தவர்களில் 18 சதவீதம் பேருக்கு அது பெரி-இம்ப்ளான்டைட்டிஸாக மாறியிருந்தது. வராதவர்களில் 43.9 சதவீதம். ஆரம்ப நிலையில் இருவருமே ஒரே படியில்தான் நின்றார்கள். நம் ஊரில் கேப் போட்டு முடித்ததும் சிகிச்சை முடிந்தது என்று இரண்டு தரப்புமே நினைத்துவிடுவதுண்டு. உண்மையில் ஐந்தாறு மாதத்துக்கு ஒரு முறையாவது வர வேண்டும். அப்பாவைப் போல ஈறு நோய் இருந்தவர் மூன்று, நான்கு மாதத்துக்கு ஒரு முறை வந்தால் நல்லது. இந்தச் செலவையும் முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது சர்க்கரை. சிகாகோ மாநாடு சர்க்கரையையும் புகைப்பழக்கத்தையும் 'சான்று முடிவாகவில்லை' என்ற பட்டியலில்தான் வைத்தது. இதைக் கேட்டதும் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். பல ஆய்வுகளில் நோயாளி 'எனக்குச் சுகர் உண்டு' என்று சொன்னதையே எழுதிக்கொண்டார்கள், ரத்தத்தில் அளவு எவ்வளவு என்று பார்க்கவில்லை. நன்றாகக் கட்டுக்குள் வைத்திருப்பவரும் 300இல் திரிபவரும் ஒரே கட்டத்தில் சேர்ந்துவிட்டால் எப்படித் தெளிவான விடை வரும்? அதே 2017இல் வந்த இன்னொரு தொகுப்பாய்வில், சர்க்கரை உள்ளவர்களுக்கு ஆபத்து ஏறக்குறைய 50 சதவீதம் கூடுதல் என்றும், புகைக்காதவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் ரத்தச் சர்க்கரை உயர்ந்தவர்களுக்கு மூன்று மடங்குக்கு மேல் என்றும் வந்தது. உயர்ந்த சர்க்கரை காயம் ஆறுவதைத் தாமதமாக்கும், வெள்ளை அணுக்களின் வேலையைக் கெடுக்கும், அழற்சியைத் தூண்டிவிடும். பல்லைச் சுற்றிய ஈறு நோய்க்கும் சர்க்கரைக்கும் உள்ள உறவில் எந்தச் சந்தேகமும் இல்லை. ஆகவே 'முடிவாகவில்லை' என்பதை 'ஆபத்து இல்லை' என்று நான் படிக்க மாட்டேன்.

அப்பாவுக்கு மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி பரிசோதனை எடுங்கள். 7க்குப் பக்கத்தில் இருந்தால் எனக்குத் தயக்கம் இல்லை. 8க்கு மேல் இருந்தால் தள்ளிப்போடச் சொல்வேன். அறுவைச் சிகிச்சை அன்று காலையில் மட்டும் ரத்தம் எடுத்து 'நார்மல்' என்று பார்ப்பது போதாது. இம்ப்ளான்ட் வைத்த பிறகும் சர்க்கரை ஏறாமல் இருக்க வேண்டும் என்பதை அவரிடம் சொல்லிவையுங்கள்.

புகை பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. இருந்தால் மறைக்க வேண்டாம். வைத்த இம்ப்ளான்ட் எலும்போடு சேராமல் ஆரம்பத்திலேயே தோற்பது புகைப்பவர்களிடம் அதிகம். இன்னொரு தொல்லை, புகைப்பவருக்கு ஈறில் ரத்தக்கசிவு குறைவாகத் தெரியும், அதனால் ஈறு நோய் ஒளிந்துகொள்ளும். பாக்கு, புகையிலை மெல்லும் பழக்கத்துக்கு வேறொரு பக்கம் உண்டு. பாக்கினால் கன்னத்தின் உள்சதை இறுகி வாய் திறப்பது குறைந்துபோனவர்களை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். இரண்டு விரல் நுழைய இடமில்லாத வாயில் பின்பக்க இம்ப்ளான்டை வைப்பதும் கடினம், தினமும் சுத்தம் செய்வது அதைவிடக் கடினம்.

சிமென்ட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கேப்பை இம்ப்ளான்டோடு இணைக்க இரண்டு வழி: ஸ்க்ரூ போட்டு முடுக்குவது, சிமென்ட் வைத்து ஒட்டுவது. ஒட்டும்போது அதிகப்படியான சிமென்ட் ஈறுக்கு அடியில் பிதுங்கிப் போய்த் தங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாது, சில வகைச் சிமென்ட் எக்ஸ்ரேயிலும் சரியாகத் தெரியாது. சொரசொரப்பான அந்தத் துண்டின் மேல் கிருமிப் படலம் குடியேறும். 2009இல் வந்த ஒரு ஆய்வில், அழற்சி உள்ள இம்ப்ளான்ட்களை ஈறுக்கு அடியில் நுண்கேமரா விட்டுப் பார்த்தபோது 81 சதவீதத்தில் சிமென்ட் மிச்சம் இருந்தது. அதை எடுத்ததும் நான்கில் மூன்றில் அழற்சி அடங்கியது. அதில் பார்த்த இம்ப்ளான்ட்களின் எண்ணிக்கை குறைவுதான் என்றாலும், எனக்கு இந்த முடிவு மேல் நம்பிக்கை உண்டு, ஏனென்றால் காரணத்தை எடுத்ததும் நோய் போனது. முன்பு ஈறு நோய் இருந்தவர்களிடம் இந்த மிச்சச் சிமென்ட் இன்னும் மோசமாக வேலை செய்கிறது. அதனால் அப்பாவுக்கு ஸ்க்ரூ வகை கேப் கேளுங்கள். தேவைப்பட்டால் கழற்றிச் சுத்தம் செய்து மறுபடி போடவும் அதில்தான் முடியும்.

ஈறின் தரமும் கொஞ்சம் பேசும். இம்ப்ளான்டைச் சுற்றி, எலும்போடு இறுகி அசையாத கெட்டி ஈறு குறைந்தது 2 மில்லிமீட்டர் அகலம் இருந்தால் துலக்கும்போது வலிக்காது. கன்னத்தோடு சேர்ந்து அசையும் மெல்லிய சதை மட்டும் இருந்தால் பிரஷ் பட்டாலே எரியும், அதனால் அந்த இடத்தை விட்டுவிட்டுத் துலக்குவார்கள். மேலண்ணத்திலிருந்து கொஞ்சம் ஈறு எடுத்து அங்கே ஒட்டலாம், சின்ன சிகிச்சைதான்.

மற்றதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கடித்து மெல்லும் அழுத்தம் அதிகமானால் கேப் உடையும், ஸ்க்ரூ தளரும். ஆனால் அழுத்தம் மட்டுமே அழற்சியை உண்டாக்கும் என்பதற்கு நல்ல சான்று இல்லை. டைட்டானியம் அலர்ஜி மிக அரிது, அதைத் தேடிச் சோதனைக்கு அலைய வேண்டாம். தயாரிப்பு நிறுவனத்துக்கு நிறுவனம் வித்தியாசம் இருக்கிறதா என்றால், அந்த சுவீடன் ஆய்வில் கொஞ்சம் தெரிந்தது. ஆனாலும் சுத்தம் செய்யாத வாயில் எந்த நிறுவனத்தின் இம்ப்ளான்டும் நிற்காது. எலும்புத் தேய்வுக்கு மாத்திரையோ ஊசியோ யாராவது எடுத்தால், அது வேறு வகைத் தாடை எலும்புச் சிக்கலைக் கொண்டுவரலாம் என்பதால் வைப்பதற்கு முன்பே கட்டாயம் சொல்ல வேண்டும்.

வாழ்நாள் கேரண்டி என்று வருவது பெரும்பாலும் உலோகத் துண்டுக்குத்தான். உலோகம் உடைவது அரிது, எலும்பு கரைவதுதான் நடப்பது. அதற்கு யாரும் கேரண்டி தர முடியாது. கேரண்டி அட்டையை விட, வைத்த இம்ப்ளான்டின் நிறுவனம், மாதிரி, அளவு, லாட் எண் அச்சிட்ட ஸ்டிக்கரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருடம் கழித்து வேறு ஊரில் வேறு மருத்துவர் அதன் ஸ்க்ரூவைக் கழற்ற வேண்டி வந்தால் அதுதான் கைகொடுக்கும். கேப் போட்ட அன்று எடுக்கும் எக்ஸ்ரேயின் நகலும் உங்களிடம் இருக்கட்டும். அதன் பிறகு எந்த வருடம் எக்ஸ்ரே எடுத்தாலும் ஒப்பிடுவதற்கு அந்த முதல் படம் வேண்டும்.

அப்பாவுக்கான வரிசை இப்படி இருக்கலாம். இந்த வாரம் எச்பிஏ1சி. ஈறு நிபுணரிடம் போய் ஒவ்வொரு பல்லுக்கும் பையின் ஆழம் அளந்து எழுதச் சொல்லுங்கள். ஆழமாகக் காரை எடுத்துச் சுத்தம் செய்த பிறகு, ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் கழித்து மறுபடி அளப்பார்கள். அந்த இடைவெளியில் அவர் பல் இடுக்கில் விடும் சின்ன பிரஷைப் பழகட்டும். எந்த அளவு பிரஷ் எந்த இடுக்குக்கு என்று மருத்துவரே கண்ணாடி முன் நிறுத்திக் காட்ட வேண்டும். வாய் கொப்பளிக்கும் மருந்து இதற்கு மாற்று இல்லை. இரண்டாவது அளவில் 5 மில்லிமீட்டர் பைகளும் ரத்தக்கசிவும் போய்விட்டால் இம்ப்ளான்ட் பேச்சை எடுக்கலாம். அதுவரை கழற்றி மாட்டும் பல்செட் போதும். அவர் மூன்று மாதம் அந்தச் சின்ன பிரஷைத் தொடாவிட்டால், என் யோசனை அந்தப் பல்செட்டோடு இருப்பதே. இம்ப்ளான்ட் கெட்டு எலும்பும் போன பிறகு பல்செட் கூடச் சரியாக உட்காராது.

இனி அம்மா. வலி இல்லை என்பதை வைத்து நிம்மதி அடைய வேண்டாம். இந்த நோயில் பெரும்பாலும் வலி வராது. ஆட்டமும் வராது, ஏனென்றால் மேலே பாதி எலும்பு போனாலும் அடியில் உள்ள எலும்பு இறுகப் பிடித்திருக்கும். பல் ஆடுவது போல் தெரிந்தால் அது பல நேரம் ஸ்க்ரூ தளர்ந்ததாகத்தான் இருக்கும், அதையும் விட்டுவைக்கக் கூடாது. ரத்தக்கசிவுதான் நமக்குக் கிடைக்கும் முதல் எச்சரிக்கை. அழுத்தினால் சீழ் வருகிறதா, வாயில் கெட்ட சுவை இருக்கிறதா, பக்கத்துப் பல்லுக்கும் இம்ப்ளான்டுக்கும் நடுவில் புதிதாக உணவு சிக்குகிறதா என்றும் கேளுங்கள். வருடங்கள் போகப் போக அந்த இடைவெளி திறந்துகொள்வது சாதாரணமாக நடப்பது.

மருத்துவர் மூன்று காரியம் செய்ய வேண்டும். மெல்லிய அளவுகோலை லேசாக விட்டுப் பையின் ஆழம் பார்ப்பது ஒன்று. இம்ப்ளான்டைத் தொட்டால் கெட்டுவிடும் என்று சிலர் அளக்க மறுப்பார்கள், லேசான அழுத்தத்தில் அளப்பதால் எந்தச் சேதமும் இல்லை. இரண்டாவது, அந்தப் பல்லுக்கு மட்டும் எடுக்கும் சின்ன எக்ஸ்ரே. முழுத் தாடையைக் காட்டும் பெரிய படத்தில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இழப்பு தெளிவாகத் தெரியாது. மூன்றாவது, ஐந்து வருடம் முன்பு எடுத்த படத்தைத் தேடி எடுத்து இதோடு வைத்துப் பார்ப்பது. பழைய படம் கிடைக்கவில்லை என்றால், ரத்தமோ சீழோ வருவதோடு பை 6 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்து, எலும்பு அதன் இடத்திலிருந்து 3 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இறங்கியிருந்தால் பெரி-இம்ப்ளான்டைட்டிஸ் என்று எடுத்துக்கொள்ளலாம் என்பது 2017 மாநாட்டின் வரையறை.

எலும்பு நின்ற இடத்திலேயே இருந்தால் அம்மாவுக்கு வந்திருப்பது மியூக்கோசைட்டிஸ் மட்டும். கேப்பைச் சுற்றிச் சுத்தம் செய்து, சிமென்ட் மிச்சம் இருந்தால் எடுத்து, வீட்டில் சின்ன பிரஷ் விட ஆரம்பித்தால் சில வாரங்களில் ரத்தம் குறைய வேண்டும். இரண்டு, மூன்று மாதத்தில் மறுபடி அளந்து பார்க்க வேண்டும். எலும்பு இறங்கியிருந்தால் ஈறு நிபுணரிடம் காட்டுங்கள். அங்கேயும் முதல் படி ஈறைத் திறக்காமல் செய்யும் சுத்தம்தான், அதில் அடங்காவிட்டால்தான் அறுவைச் சிகிச்சை. வெறும் ஆன்டிபயாட்டிக் மாத்திரை மட்டும் எழுதிக் கொடுத்து அனுப்பினால் வேறொருவரிடம் போங்கள். இந்த வாரமே நேரம் வாங்கிவிடுங்கள், அப்பாவுக்கான ஈறு அளவையும் அதே நாளில் எடுத்துவிடலாம்.